தோட்டம் பார்க்க வந்தவன்

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு ஹெஸ்டர் பின்கதவைத் திறந்தபோது, தன் வீட்டு ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

உயரமானவன். கையில் மடித்த குடை. முப்பதைத் தாண்டியிருக்கலாம். பூவை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தான். பார்த்தான். அவளும் பார்த்தாள்... மழைக்கு முன்னால் ஆறு ஒரு நிறத்தில் இருக்குமே, சாம்பலும் பச்சையுமாக, அந்த நிறத்தில் இரண்டு கண்கள்.

"குட் மார்னிங்," என்றான்.

"குட் மார்னிங்," என்றாள் ஹெஸ்டர்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. எங்கள் ஹேஸல்பிரிட்ஜ் ஊரில் ஒருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு "நீங்கள் யார், என் வீட்டுக்குள் எப்படி வந்தீர்கள்" என்று கேட்க முடியாது. கேட்பதென்றால் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். திருடனே வந்தாலும், வணக்கம் சொன்ன பிறகு அவனிடம் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்றுதான் நாங்கள் கேட்போம்.

"நல்ல இடங்க," என்றான் அவன். "கோட்டைக்குப் போற வழியில இப்படி ஒரு தோட்டம் இருக்கும்னு நெனக்கல."

யாராக இருக்கும்? அப்பாவோடு மாதா கோயிலில் மணியடிக்கிறவர்களில் புதியவனோ? அப்பா கிளெமென்ட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மணியடிக்கப் போகிறவர். புதிதாக ஒரு ஆள் வரப்போவதாகக்கூடச் சொல்லியிருந்தார்.

"அப்பா கோயிலுக்குப் போயிருக்காரு. மத்தியானம்தான் வருவாரு," என்று சொல்லிப் பார்த்தாள்.

"அப்படிங்களா," என்றான் அவன். கொஞ்சம் விழித்தான். பிறகு தயங்கித் தயங்கி, "டீ... கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுக் காதுவரை சிவந்துபோனான்.

"கிடைக்காம என்ன," என்று ஹெஸ்டர் உள்ளே ஓடினாள். கெட்டிலைப் போட்டாள். துண்டை அவிழ்த்தாள். தலையைச் சீவினாள். கண்ணாடியைப் பார்த்தாள். மணியடிக்கிறவனுக்காக எதற்கடி கண்ணாடி, என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள்.

அலமாரியில் அப்பா சுட்ட கேக் இருந்தது. அந்தக் கேக்குக்கு ஒரு சோகக் கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில் கிளெமென்ட் தன் கையால் சுட்ட கேக்கை டீ மேசையில் கொண்டுபோய் வைத்தார். ஊர்த் தோட்டச் சங்கத்தின் தலைவி டாப்னி அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்து, அத்தனை பேர் முன்னிலையிலும், "நல்லா இருக்கே கிளெமென்ட், எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டார். எங்கள் ஊரில் ஒரு மனிதரைக் கன்னத்தில் அறைந்தால்கூடச் சமாதானம் பேசலாம். இதற்குச் சமாதானம் கிடையாது. அன்றிலிருந்து கிளெமென்ட் சனிக்கிழமைதோறும் கேக் சுடுகிறார், யாருக்கும் காட்டுவதில்லை. வாசல் கதவையும் எந்த விழாவுக்கும் திறப்பதில்லை.

அந்தக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, டீயோடு தோட்டத்து மேசைக்குக் கொண்டுபோனாள்.

"இந்த ரோஜாவுக்குப் பேர் என்னங்க?" என்றான் அவன்.

"சிவப்பு ரோஜா."

"அது எனக்கே தெரியுதே."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா வேற என்ன சொல்றது?"

சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் இடுங்கிப்போய்... ஐயோ, வேண்டாம், கேக்கைப் பார், என்று ஹெஸ்டர் தன் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊர் சுத்திப் பார்த்தீங்களா?"

"நேத்து நீராவி ரயில். அதுக்கு முந்தின நாள் கோட்டை. பாதிச் சுவருதாங்க நிக்குது. விழுந்த சுவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிட்டாங்க. அப்புறம் அந்தப் பொம்மை ஊர். முழங்கால் உசரத்துல உங்க ஊரையே செஞ்சு வெச்சிருக்காங்களே. அதுல இந்த வீடு உண்டா?"

"உண்டு. அப்பா பொம்மைகூட உண்டு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கும், வெளிய தெரியாது."

அவன் டீயைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தான். பெயர் பார்னபி என்றான். லீட்ஸ் நகரத்தில் பல் டாக்டராம்.

"பல் டாக்டருக்கா கேக் குடுத்தேன்? சொல்லவே இல்லையே."

"நீங்கள்லாம் கேக் சாப்பிட்டாத்தாங்க நான் சோறு சாப்பிட முடியும்." கடைசித் துணுக்கையும் விரலால் ஒற்றி எடுத்தான். "சாயங்கால ரயிலுக்குக் கிளம்பறேன். நாளைக்கு மறுபடியும் அடுத்தவங்க வாய்தான்."

சாயங்காலமா... ஹெஸ்டருக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. யாரென்றே தெரியாதவன் ஊருக்குப் போனால் இவளுக்கென்ன?

அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே பார்னபி ஐந்து பவுண்டு நோட்டை எடுத்துச் சாஸருக்கு அடியில் வைத்தான்.

ஹெஸ்டருக்குச் சுரீர் என்றது. "என்ன இது?"

"டீக்குங்க..."

"எங்க வீட்டு டீயை நாங்க விக்கிறதில்ல."

"இல்லங்க, தர்மத்துக்குத்தானே... உண்டியல் எங்கன்னு தெரியல, அதான்..." பாவம், நோட்டை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் பாதி எடுத்தபடி நின்றான். "வாசல்ல பலூன் இருந்துச்சே."

ஹெஸ்டர் எட்டிப் பார்த்தாள். வாசல் கதவில் ஒரு மஞ்சள் பலூன் மாட்டிக்கொண்டு ஆடியது.

அப்போதுதான் உறைத்தது. இன்று தோட்டத் திறப்பு ஞாயிறு. வருடத்துக்கு ஒரு நாள், மஞ்சள் பலூன் கட்டிய எந்த வீட்டுக்குள்ளும் யாரும் நுழையலாம். பூப் பார்க்கலாம், டீ குடிக்கலாம், தர்மத்துக்குக் காசு போடலாம். பக்கத்து வீட்டு வாசலில் காலையில் மூன்று பலூன் இருந்தது. இப்போது இரண்டு.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவான்... ஹெஸ்டர் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு துண்டு கேக் சாப்பிடறீங்களா?" என்று வந்தது.

இதற்குள் நாயோடு ஒரு தம்பதி உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவன் டீயோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தங்களுக்கும் டீ உண்டு என்றுதானே நினைப்பார்கள். "குட் மார்னிங்," என்றார்கள். ஹெஸ்டரும் சொல்லித் தொலைத்தாள். அவர்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு அம்மாள். எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றால், மூன்றாவது ஆள் எதற்கென்று கேட்காமலே பின்னால் போய் நிற்பார். கொஞ்ச நேரத்தில் வரிசை ரோஜாவைச் சுற்றி, கீரைப் பாத்தியைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போய்விட்டது.

பார்னபி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனான். "நீங்க ஊத்துங்க, நான் கோப்பை கழுவறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கும் தெரியல," என்றான் அவன். முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தெரியாதவன் போலத்தான் நின்றான்.

மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் அசையவில்லை. குடைகள் விரிந்தன, வரிசை அப்படியே நின்றது. ஹெஸ்டர் டீ ஊற்றினாள், கேக்கை மெல்லிசாக மெல்லிசாக வெட்டினாள். நடுநடுவே குழாயடியைப் பார்த்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, அவனும் அதே நேரத்தில் பார்த்தான். இரண்டு பேரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

மணியடித்துவிட்டு வந்த கிளெமென்ட், தன் வீட்டு வாசலில் வரிசையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கடைசியில் போய் நின்றார். "எதுக்குங்க வரிசை?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டார்.

"கேக்குங்க. பிரமாதமாம்."

"ஓ," என்றார். இரண்டடி நகர்ந்த பிறகுதான் இது தன் வீடு என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நடுவில் புகுந்து போக அவருக்கு மனம் ஒப்பவில்லை. நனைந்துகொண்டே நின்று, முறைப்படி தன் டீ மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"ஹெஸ்டர், என்னம்மா நடக்குது?"

"அப்பா... ஒருத்தர் டீ கேட்டாரு..."

"யாரு?"

பார்னபி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "வணக்கங்க. நான் பார்னபி. டாப்னி அத்தை வீட்டுக்கு வந்திருக்கேன்."

கிளெமென்ட்டின் முகம் இறுகியது. குரலை உயர்த்தவில்லை. "உங்க அத்தைதான் அனுப்பினாங்களா? இந்தத் தடவை எந்தக் கடைன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்களா?"

"ஐயா, எனக்கு ஒண்ணும் புரியல..."

"குடை கொண்டாந்திருக்கீங்க இல்ல? மழை பெய்யுது. கிளம்புங்க."

பார்னபி ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குள்ளும் அந்த முள் ஏறிவிட்டது. அத்தை சொல்லித்தான் வந்தானா? அந்தச் சிரிப்பு, அந்தப் பார்வை, கோப்பை கழுவியது... எல்லாமே கேக் பார்க்கத்தானா?

"டாப்னி அம்மா உங்க அத்தைன்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றாள் மெதுவாக.

"நீங்க கேக்கவே இல்லையே," என்றான் அவன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹெஸ்டர் டீ ஊற்றினாள். சர்க்கரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். தொப்பி அம்மாள் கிண்ணத்தை நகர்த்திவிட்டுத் தன் கோப்பையை நீட்டினார். போனால் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஓடிப்போய்க் கூப்பிடு என்று இன்னொரு மனம் சொன்னது. எந்த மனம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வேறு வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். வாசலுக்கு வெளியே, வரிசையின் கடைசி ஆளாக, பார்னபி நின்றுகொண்டிருந்தான். கையில் குடை. விரிக்க மறந்திருந்தான்.

கிளெமென்ட்டும் பார்த்துவிட்டார். "அவனுக்கு டீ கிடையாது."

"அப்பா... அவரு வரிசையில நிக்கிறாரு."

வீட்டை விட்டு ஒருவனைத் துரத்தலாம். வரிசையில் நிற்கிறவனைத் துரத்திவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? கிளெமென்ட் கேக் கத்தியை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றார்.

வரிசை நகர்ந்தது. பார்னபிக்குப் பின்னால் ஒரு பச்சைக் குடை வந்து சேர்ந்தது. டாப்னி அம்மாள்.

"என்னடா பார்னபி, ரயிலுக்கு நேரமாச்சு. உன்னை எங்கெல்லாம் தேடறது? இங்க என்ன பண்ற?"

"வரிசை, அத்தை."

"சரி," என்று அந்த அம்மாளும் பின்னால் நின்றார். வேறென்ன செய்ய முடியும்?

அவன் முறை வந்தது. முகமெல்லாம் தண்ணீர்.

"பால்... சர்க்கரை..." ஹெஸ்டர் கோப்பையைப் பார்த்துக் கேட்டாள்.

"டீ வேணாங்க."

வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. மழையில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டு டீ வேண்டாமாம்.

"ஒண்ணு சொல்லணும். காலையில பலூனைப் பார்த்துத்தான் உள்ள வந்தேன். அது சத்தியம். ஆனா, நீங்க தலையில துண்டோட, கையில ரொட்டியோட வந்து நின்னீங்க பாருங்க... தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. விருந்தாளியை எதிர்பார்க்கிறவங்க அப்படியா நிப்பாங்க? மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கணும். டீ கேட்டேன். போகக் கூடாதுன்னு கேட்டேன். காசு வெச்சதுகூட அந்தப் பொய்யை இழுக்கத்தான். அத்தை அனுப்பல. அத்தை பத்துத் தோட்டம் பார்க்கச் சொன்னாங்க. நான் இந்த ஒண்ணைத் தாண்டவே இல்ல. ஏன் இப்படிப் பண்றேன்னு எனக்கே விளங்கல. சாயங்கால ரயில்ல போனா எப்பவுமே விளங்காதுன்னு மட்டும் தெரியுது."

"தள்ளி நின்னு பேசுடா, பின்னால ஆள் நிக்குது," என்றார் டாப்னி அம்மாள்.

கிளெமென்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கெட்டிலைக் கீழே வைக்க மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ வேணாங்கிறவங்க வரிசையை மறிக்கக் கூடாது," என்றார். "இந்தப் பக்கம் வாங்க தம்பி. கழுவாத கோப்பை குவிஞ்சு கெடக்கு."

பார்னபி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் இடத்தில் டாப்னி அம்மாள் வந்து நின்றார். கிளெமென்ட் கடைசித் துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினார். அந்த அம்மாள் சாப்பிட்டார். ஒரு துணுக்குகூட விடாமல் சாப்பிட்டார்.

"இன்னொரு துண்டு இருக்கா கிளெமென்ட்?"

"இல்லைங்க," என்றார் அவர். மூன்று வருடமாக அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாக எதையும் சொன்னதில்லை.

குழாயடியில் ஹெஸ்டர் கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பிப் போகவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நீங்க காசு வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, பலூன் தப்பி வந்ததுன்னு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேக் வேணுமான்னு கேட்டுட்டேன்."

"ஏங்க?"

"காலையிலேர்ந்து எனக்கும் ஒண்ணும் புரியல. நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க, நான் எதுக்கு அத்தனை தடவை கண்ணாடி பார்த்தேன்... எதுவுமே புரியல." மெல்ல நிமிர்ந்து அந்த ஆற்று நிறக் கண்களை நேராகப் பார்த்தாள். இந்த முறை குனியவில்லை. "உங்களைப் பிடிச்சிருக்குங்கிறது மட்டும் நல்லாப் புரியுது. இன்னிக்கு ரயிலுக்குப் போகாதீங்க பார்னபி."