கடைசியில் வரைந்த கண்கள்

வக்கீலின் காது வக்கீலுடையதாக இல்லை.

அதை முதலில் கவனித்தது அவருடைய மனைவி. படம் முடிந்து, எண்ணெய் வண்ணத்தின் ஈரம் இன்னும் காயாமல் ஓவியத் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிட்டப் போனாள், எட்ட வந்தாள், மறுபடி கிட்டப் போனாள்.

"நெத்தி, மீசை, அந்த முறைப்பு, எல்லாம் இவர்தான். காது மட்டும் யாரோடதோ. இவருக்குக் காது மடல் கன்னத்தோட ஒட்டியிருக்கும், பாருங்க. நீங்க தொங்க விட்டிருக்கீங்க."

"ஒட்டுக்கேட்டே ஒட்டிப்போன காது அது" என்றார் வக்கீல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

படம் வரைந்தவள் சிரித்தபடியே திருத்திக் கொடுத்தாள். பெரிய வேலையில்லை. ஆனால் அவர்கள் படியிறங்கிப் போனபின், தூரிகைகளை டர்பன்டைனில் அலசிக்கொண்டிருந்தபோது, அந்தத் தொங்கும் மடல் மனதில் வந்து நின்றது. மடலின் நடுவில், எப்போதோ குத்தித் தூர்ந்துபோன துளையின் வடு. அதையும் வரைந்திருந்தாள். கற்பனையில் வரைந்ததில்லை. தலையைத் தூக்கி, பார்த்து, வரைந்தது.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். தெரிந்ததை வரையாதே, கண்ணில் படுவதை வரை. அதற்குப்பின் கல்யாணம் ஆனது, தூரிகை பரணுக்குப் போனது. முப்பது வருடம் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. யாரோ ஒரு டாக்டர் அனுப்பிய அச்சில் வெள்ளைச் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உடைத்து எடுத்தால், முகமே இல்லாத ஒரு வாய் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அந்த வாய்களுக்குப் பல் எண்ணி அடுக்கியே அவள் தலை நரைத்தது. கணவர் போனபிறகு, ஓய்வும் பெற்றபிறகுதான் தூரிகையை மறுபடி எடுத்தாள். தையல்கடைக்கு மேலே, வடக்குப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை கிடைத்தது. முதல் படத்தைத் தையல்காரருக்கே சும்மா வரைந்து கொடுத்தாள். அவர் அதைக் கடையில் மாட்டிவிட்டு, துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம், "பல்லு கட்டுன கை, இப்ப மூஞ்சி கட்டுது" என்று விளம்பரம் செய்தார். பல்லம்மா என்ற பேர் அப்படித்தான் வந்தது. புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டாள். ஆள் நேரில் வந்து உட்கார வேண்டும். அதுதான் அவளுடைய பெருமை, அதனால்தான் ஆட்களும் வந்தார்கள்.

அவளுக்கு எதிரே ஜன்னலோரம் நாற்காலி. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடி. வரைந்துகொண்டே இருந்தால் கண் பழகிப்போய்த் தப்பு தெரியாது. திரும்பிக் கண்ணாடியில் பார்த்தால் படம் இடம்வலம் மாறி, வேற்றாள் முகம்போலத் தெரியும். கோணல் இருந்தால் அப்போது பளிச்சென்று பிடிபடும். அந்தக் கண்ணாடியில் வக்கீலின் காது ஒருநாளும் கோணலாகத் தெரியவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது.

அடுத்து வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். மூன்று மடிப்புத் தாடை உள்ளவர். படத்தில் தாடை நீண்டு, ஒடுங்கி, நுனியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "பரவால்லம்மா, இதுலயாவது எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கு" என்று சிரித்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின் வந்த தலைமையாசிரியை சிரிக்கவில்லை. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், படத்து மூக்கைப் பார்த்தாள். "இது நான் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தை எடுத்துக்கொள்ளாமலே போனாள்.

பல்லம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இந்த வயதுக்கு இப்படிப் பார்வை அதிர்ஷ்டம் என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. கண் கெட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தாள். கிடைக்காமல் கிடைத்த இந்த இரண்டாவது வாழ்வு காதிலும் மூக்கிலும் கரைந்து போகிறதே என்ற பயம் ஒரு பக்கம். பெயர் சொல்லத் தெரியாத வேறொரு பயம் இன்னொரு பக்கம்.

கடைசியாகத் தன்னைத் தானே சோதிக்கத் தையல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பழகிய முகம். ஏற்கனவே சரியாக வரைந்த முகம். நெற்றி வந்தது, கன்னம் வந்தது. வாயை வரையத் தொடங்கும்போது அறையில் ஒரு வாசனை எழுந்தது. ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் மீறி, குளிர்ந்த, சுண்ணாம்பு கலந்த ஈர வாசனை. அச்சு மாவு. அந்தக் கூடத்தை விட்டு வந்தபின் அவள் மூக்கில் ஏறாத வாசனை. கீழே தையல் இயந்திரம் நின்றிருந்தது. கழுவுதொட்டியில் எங்கோ ஒரு சொட்டு, வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

வரைந்து முடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். மெல்லிய மேலுதடு, இறுக்கி மூடிய வாய். உதடு பல்மேல் எப்படிப் படியும் என்பது அவளுக்கு உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். பல் போன வாயில் உதடு உள்வாங்கும். பல்செட் உயர்ந்துவிட்டால் உதடு விறைக்கும். இந்த உதடு இரண்டும் இல்லை. உள்ளேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது. இடம் போதாமல் ஏதோ நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுபோல்.

தையல்காரர் எழுந்துவந்து பார்த்தார். "என்னக்கா, எதையோ வாயில ஒளிச்சு வெச்சிருக்கிற மாதிரில்ல இருக்கு."

"வீட்டுக்குப் போங்க தம்பி" என்றாள் அவள். "படத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் போனபின் ஒரு தாளை எடுத்தாள். அந்தக் காதை வரைந்தாள். அந்தத் தாடை, அந்த மூக்கு, அந்த வாய். ஒன்றோடொன்று தையல் தெரியாமல் பொருந்தின. ஒரே ஆள். வயது சொல்ல முடியவில்லை, ஆணா பெண்ணா என்றும் சொல்ல முடியவில்லை. நன்கு தெரிந்த ஒருவரைப்போல இருந்தது, ஆனால் அவளுக்கு அப்படி யாரையும் தெரியாது. கண்கள் மட்டும் இல்லை. அந்த வெற்றிடத்தை நோக்கிப் பென்சில் தானாக நகர்ந்ததுபோல் இருந்தது. தாளைத் தண்ணீரில் நனைத்துக் கூழாகக் கசக்கி எறிந்தாள். அறையைப் பூட்டினாள். வந்தவர்களிடம் கை வலி என்று சொல்லி அனுப்பினாள்.

மகளிடம் அந்தப் பொய் செல்லவில்லை. தொலைவில் ஒரு வேலை கிடைத்து அவள் கிளம்ப இருந்தாள்.

"நான் போறதுக்குள்ள என்னை வரையம்மா."

"அப்புறம் பாக்கலாம்டி."

"ஊரான் மூஞ்சியெல்லாம் ஆசையா வரையுற. பெத்த பொண்ணு மூஞ்சி மட்டும் கசக்குதா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைத் தவிர இந்த உலகத்தில் தனக்கு வேறொன்றும் மிச்சமில்லை என்பது பல்லம்மாவுக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே ஒரு வழியும் தோன்றியது. பார்க்காமல் வரைய வேண்டும். மகள் முகத்தைத் தடவிக்கூட வரைந்துவிடலாம். சொல்லிக்கொடுத்தவரின் விதி கிடக்கட்டும். தெரிந்ததை வரைவோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் இடது கண்ணைச் சற்றே சுருக்கி, தலையை முன்னால் நீட்டி, கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோலப் பார்ப்பாள். பள்ளிக்கூட வாசலில் அப்படித்தான் அம்மாவைத் தேடுவாள்.

அந்தப் பார்வையைத்தான் வரைய நினைத்தாள் பல்லம்மா. குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றியில் மயிரிழை பிரியும் இடம், ஊஞ்சலில் விழுந்த தழும்பு, பாட்டியிடமிருந்து வந்த குட்டி மூக்கு. ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்திருந்தது. மகள் புது ஊரைப் பற்றி, வாடகை வீட்டைப் பற்றி, அங்கே குக்கர் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மழை பிடித்தது. தகரத்தில் விழும் சத்தம் அறையை நிரப்பியது. எப்போது பேச்சு நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா. நீ என்னைப் பாக்கவே மாட்டேங்கிற."

"எனக்குத் தெரியாத மூஞ்சியா அது? சும்மா உக்காரு."

வாசனை வந்தது. ஈர மாவின் வாசனை. அவள் மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டாள். நிமிராதே. நாற்காலி ஒருமுறை முனகியது, கனம் கூடியதுபோல். நிமிராதே. காது சரி. தாடை சரி. வாய், மகளின் வாய், முன்பல் இரண்டும் லேசாக விலகிய வாய். கடைசியில் கண்கள். இடது கண்ணின் அந்தச் சுருக்கம். கருமணியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

முடிந்தது.

தூரிகையை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணாடியில் படம் தெரிந்தது. ஒரு பிசிறு இல்லை. ஒரு கோணல் இல்லை. தேடுகிற அந்தப் பார்வையோடு அவள் மகள், உயிரோடு, அச்சு அசலாக. இத்தனை நாள் அடக்கிவைத்த பயமெல்லாம் அழுகையாக வந்தது.

"முடிஞ்சுதாம்மா?" பின்னாலிருந்து மகளின் குரல். "அந்த மேசைமேல கிடக்கே வெள்ளைப் பெயின்ட் ட்யூப். அதுல, மூடி இறுக்கமா இருக்கணும்னு போட்டிருக்கு பாரு. நீ திறந்தே போட்டிருக்க."

மேசை அறையின் மறுகோடியில் இருந்தது. ட்யூபில் எழுத்து எறும்பைவிடச் சிறியது.

அழுகை நின்றது.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே பார்வையை நகர்த்தினாள். படத்தின் விளிம்பு. அதைத் தாண்டி ஜன்னல். மழை. திட்டின்மேல் மூக்குக்கண்ணாடி. நாற்காலி. மகளின் சட்டை, மகளின் கைகள், மடியில் கோத்தபடி.

தொங்கும் மடல். தூர்ந்த துளை. சாய்ந்த தாடை. அந்த மூக்கு.

அவள் கை ஒருநாளும் தவறியதில்லை.

மேலே, சுருங்காமல், தேடாமல், நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, தாளில் அவள் இடம் விட்டுவைத்த கண்கள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றது மகளின் குரல். ஒரு கை ஜன்னல் திட்டுக்குப் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்தது, இது எதற்கு என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் புரட்டியது, கீழே போட்டது. "இவளை நல்லா வரைஞ்சிருக்க."

படத்தில் மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள், இறுக்கி மூடியிருந்த அந்த வாய் மெல்ல இளகியது. சிரித்தது. மெல்லத் திறந்தது.

முப்பது வருடப் பழக்கம். அவள் எண்ணத் தொடங்கினாள்.

முப்பத்திரண்டு தாண்டியது. வாய் இன்னும் திறந்துகொண்டிருந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.