மூன்றாவது மூச்சு

தென்துறையில் வண்டிகளின் கொள்ளளவை ஆள் கணக்கில் சொல்வதில்லை; மூச்சுக் கணக்கில் சொல்வார்கள். மருத்துவ வண்டி இரண்டு மூச்சு. ஓட்டுநர் மைதீனுக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று. உறவினர்கள் கதவோடு நின்றுவிட வேண்டும். சனிக்கோளின் நிலவான டைட்டனில் முப்பது வருடமாக அப்படித்தான்.

மறுநாள் அதில் போகவேண்டியவள், வண்டிகளைப் பழுதுபார்க்கும் எஸ்தரின் அக்கா ராஜக்கனி. இதயத்தில் அறுவை. வடதுறை மருத்துவமனைக்கு ஒன்பது மணி நேரப் பயணம்.

“கத்தி வைக்கிறது பயமில்ல. தனியாப் போறதுதான்,” என்றாள் ராஜக்கனி.

“இடம் இருந்தா நான் வரமாட்டனா?” என்றார் அவள் கணவர் பொன்ராஜ்.

எஸ்தர் பணிமனைக்குப் போய் வண்டியின் திராட்டில் பாடியைக் கழற்றினாள். தென்துறையில் அதற்குக் காற்றுவாய் என்று பெயர். வெளிக்காற்றை என்ஜினுக்குள் விடும் உலோகக் குழல். நடுவில் திறந்து மூடும் வட்டத் தகடு.

“அதுல கைய வைக்காத தாயி,” என்றார் மைதீன். “வாயப் பெருசாக்குனா நம்ம மூச்சையும் சேத்துக் குடிச்சிரும்.”

“அது பூமிக் கணக்கு அண்ணே. அங்க காத்துல பிராணவாயு, டாங்கில எரிபொருள். இங்க தலைகீழ். காத்துலதான் மீத்தேன் இருக்கு. டாங்கில இருக்கிறது நாம சுவாசிக்கிற பிராணவாயு.”

“எனக்கே பாடமா?”

“தெரிஞ்சும் வாயச் சுருக்கித்தான வச்சிருக்கீங்க. மீத்தேன் பத்தாம பிராணவாயு எரியாமலே புகைக்குழாய்ல போகுது. மூணாவது ஆளோட மூச்ச வழியெல்லாம் ஊதிட்டுப் போறீங்க.”

 மைதீன் விளக்கை அருகில் இழுத்து வைத்தார்.

அவள் குழலின் உட்சுவரில் இருந்த வார்ப்பு மேட்டை அராவி எடுத்தாள். தகட்டைத் தாங்கும் தண்டைப் பாதித் தடிமனுக்குத் தேய்த்தாள். காற்றின் வழியில் துருத்தி நின்ற திருகுத் தலைகளை வெட்டிச் சமமாக்கினாள். குழலின் நுழைவு விளிம்பை வளைவாக்கினாள். பூட்டி ஓடவிட்டபோது, புகைக்குழாயில் பதினெட்டு சதவீதமாக இருந்த பிராணவாயு மூன்றுக்கு இறங்கியது. அவள் எதிர்பார்த்தது நான்கு.

“இனி என்ஜினுக்குக் கொஞ்சமா விட்டாப் போதும், மிச்சம் டாங்கிலயே நிக்கும். மூணு மூச்சு தாராளமாப் போகும்,” என்றாள்.

“எத்தனை பேரை அந்தக் கதவுல நிறுத்திட்டுப் போயிருக்கேன்,” என்றார் மைதீன்.

காலையில் ராஜக்கனியைப் படுக்கையோடு ஏற்றினார்கள். பக்கத்தில் புதிய இருக்கை. பொன்ராஜ் அதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு சரக்கு இறங்குது எஸ்தர். நான் இல்லன்னா ஒண்ணும் நடக்காது. வண்டில நீ செஞ்ச வேலையும் புதுசு. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டு…”

“பாத்தாச்சு அத்தான்.”

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. மனைவியும் அவரைப் பார்க்கவில்லை. முப்பது வருடங்களில் முதல்முறையாக, ஒருவர் வராததற்கு வண்டி காரணமாக இல்லை.

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

“நீ எதுக்குடி? பணிமனைய யார் பாப்பா?” என்றாள் ராஜக்கனி.

“பூட்டியாச்சு. கைய எடு, உக்காரணும்.”

ராஜக்கனி இருக்கையின் மேல் வைத்திருந்த கையை எடுத்தாள். எஸ்தர் உட்கார்ந்ததும் அவள் முழங்காலைப் பற்றிக்கொண்டாள்.