அணையாத மருந்து

மதியம் இரண்டரை மணிக்கு, அன்றைக்கு மூன்றாவது முறையாகப் படுக்கையறைக் கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் தன் தையல் கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த துணியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, பல்பைக் கழற்றி, கூடம் வரைக்கும் இருட்டாக்கி வைத்திருந்தாள். நான்கு நாள் இருட்டில் இருக்கச் சொன்னால், இந்த மனுஷனுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

"மறுபடியும் போனை நோண்டுறீங்களா?"

உள்ளே இருமல். "என் போன் உன்கிட்டதானே இருக்கு? காலையிலேயே பிடுங்கிட்டுப் போயிட்டே."

ஆமாம். அவள் கையில்தான் இருந்தது.

கணவன் வெல்டர். நுரையீரலில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு வெளிச்சம் போகாது, எக்ஸ்ரே போகும் என்றார் டாக்டர். மருந்தோடு ஏற்றும் நுண்ணிய துகள்கள் எக்ஸ்ரே பட்டதும் உள்ளேயே ஒளிருமாம். அந்த ஒளியில் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைக் கொல்லுமாம். இன்னும் சோதனையில் இருக்கும் முறை. "மெஷினை நிறுத்தினா அந்த வெளிச்சமும் நின்னுடும்மா. மிச்ச மருந்து வெளியேறுற வரைக்கும் வெளி வெளிச்சம் மட்டும் படாம பாத்துக்குங்க, தோல் வெந்துடும்."

"முப்பது வருஷமா நான் வெளிச்சத்தைப் பார்த்தேன். இப்ப அது என்னைப் பார்த்துட்டுப் போகட்டும்," என்று சிரித்துக்கொண்டே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டான் அவன். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எந்தப் பிரிவு என்றாள் ஒருத்தி. இவள் சொன்னாள். லைன் மாற்றுகிறேன் என்றாள். பாட்டு. வேறொருத்தி எந்தப் பிரிவு என்றாள். திரும்பவும் சொன்னாள். திரும்பவும் பாட்டு. பதினோரு நிமிடம் கழித்து மெஷின் ஓட்டுகிறவர் எடுத்தார்.

"வெளிச்சம் படக்கூடாதும்மா. அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னோமே."

"படலைங்க. வருது."

"எங்கிருந்து?"

"இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்," என்று கதவைத் திறந்து உள்ளே நழுவி, சட்டென்று சாத்தினாள்.

கும்மிருட்டு. போனைத் திரை தெரியாமல் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். பட்டறையிலிருந்து வந்த நாட்களில் அவன் சட்டையில் வீசுமே, அந்தச் சுட்ட இரும்பு வாடை அறை முழுக்க நின்றது. பட்டறைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அவன் தூங்கிப்போயிருந்தான். மூச்சு நீளமாக, சளி கரகரக்க, இழுத்து இழுத்து வந்தது. அதற்கடியில் இன்னொரு சத்தமும் இருந்தது, ஈரமாக, சன்னமாக, துணியை மெல்லக் கசக்குவதுபோல.

பிறகு வெளிச்சம் வந்தது.

அவன் பனியனுக்குள்ளிருந்து. வெளிறிய நீலம். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை, தனியாக, வேகமாகத் துடித்தது. கோபம்தான் முதலில் வந்தது அவளுக்கு. நின்றுவிடும் என்றார்களே. சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்களே.

போர்வையை இழுத்து மூடினாள். போர்வையின் நூல் நூலாகத் தெரிந்தது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் தெரிந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். விரல்கள் சிவந்தன. சதைக்குள் எலும்பு கறுப்பாகத் தெரிந்தது.

"ஹலோ? அம்மா, இருக்கீங்களா?" என்றது போன்.

அவள் நிமிர்ந்தாள். கூரையில் நிழல். அவனுடைய விலா எலும்புகள், ஒன்றொன்றாக, பெரிது பெரிதாக.

நடுவில் கட்டியின் நிழல்.

அது நகர்ந்தது.

விலா எலும்பு ஒன்றைப் பிடித்தது. விட்டது. மேலேயிருந்த எலும்பைப் பிடித்தது. ஏணி ஏறுவதுபோல. நிதானமாக. விரல்களால்.

"என்னங்க," என்றாள். "என்னங்க, எழுந்திருங்க."

வெளிச்சம் கழுத்துக்கு வந்தது. தொண்டை வீங்கியது. மூடிய இமைகள் உள்ளிருந்து சிவந்தன.

அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். விழித்துத்தான் இருந்தான், எல்லாம் தெரிந்துதான் இருந்தது அவனுக்கு. ஏதோ சொல்ல வாய் திறந்தான்.

சொல் வரவில்லை. வெளிச்சம் தலையணைமேல் கொட்டியது.

அந்த வெளிச்சத்தில், அவன் நாக்கை மெல்ல ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பல் வரிசைமேல் சின்னஞ்சிறு விரல்கள் நான்கு வந்து பற்றிக்கொண்டன.