வாயாடியின் கம்ப்யூட்டர்

பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இளப்பம். பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன். தானாக ஆன் ஆகிறது, தானாக எழுத்து ஓடுகிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அழைத்தவர்கள் எத்தனையோ பேர். போய்த் திறந்தால் விசிறியில் பல்லி செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் கீபோர்டில் டீ கொட்டியிருக்கும். எனக்குத் தெரிந்த பேய்கள் அவ்வளவுதான். அன்று மத்தியானம் அந்த வீட்டுக்குப் படியேறியபோதும், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி பையைத் தூக்க வேண்டியிருக்கிறதே என்ற ஒரே கவலைதான்.

கதவைத் திறந்தவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் மலை மாதிரி இருந்தார், குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. போனில் சொன்னதையே மறுபடி சொன்னார். முந்தாநாள் வரை ஒழுங்காக ஓடியது. இப்போது போட்டால் டிஸ்க் இல்லை என்கிறது. நாலு மணிக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார். மணி மூன்று. நாலு மணிக்கு என்ன, ரயிலா பிடிக்கப் போகிறீர்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

உள்ளறையில் ஒற்றைக் கட்டில். போர்வையை நாலு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தார்கள். யாரும் படுக்காத கட்டில் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தும் அறைக்குள் ஒரு புழுக்கம், மாத்திரை அட்டையைப் பிரித்ததும் வருமே, அந்த வாடை. ஜன்னலோரம் மேஜை. அதன் மேல் அந்தக் கம்ப்யூட்டர்.

கடையில் வாங்கியதல்ல, வீட்டில் சேர்த்தது. இப்படிப்பட்டவற்றைத் திறந்தால் எனக்குப் பாதி நாள் கெட்ட வார்த்தைதான் வரும். இதைத் திறந்தபோது வரவில்லை. ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி எண் போட்டிருந்தது. எண்கள் உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில் இருந்தன. யார் செய்தது என்று கேட்டேன்.

"என் பொண்ணு. நான் டார்ச் பிடிச்சேன்," என்றார்.

அப்போது அவளுக்கு வயது பதினாலாம். அவர் போகும் ஊரெல்லாம் பழைய சாமான் கடைகளில் தேடி ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவந்து கொடுக்க, அவள் படித்துப் படித்து மாட்டியிருக்கிறாள். டிஸ்க் கூட யாரோ தூக்கிப்போட்ட லேப்டாப்பிலிருந்து எடுத்த சின்ன டிஸ்க். அவளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பா பாதி நாள் ரோட்டில், அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பேச ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரோடு பேசத் தொடங்கியிருக்கிறாள். தினமும் நாலு மணிக்கு வந்து மைக் முன்னால் உட்கார்ந்து, 'இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா' என்று ஆரம்பித்து, அன்றைய கதையைப் பதிவு செய்து வைப்பாள். ஐந்து வருஷக் கதை அந்த டிஸ்கில் இருந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. நாலு மணியானால் அப்பா வந்து உட்கார்ந்து கேட்பார்.

காப்பி ஏதாவது எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். அவ பேச்சு அவ பெட்டியிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன் என்றார். நான் வாடிக்கையாளர்களைத் திட்டுவதே இந்த ஒரு விஷயத்துக்குத்தான். அன்று திட்ட மனசு வரவில்லை.

வேலையைத் தொடங்கினேன். கம்ப்யூட்டர் முழுதாக விழிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் வரும். இயந்திரத்துக்குள் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று அது பட்டியல் போடும். டிஸ்கின் பெயர் இருக்க வேண்டிய வரி காலியாக இருந்தது. கேபிளை மாற்றினேன், காலி. வேறு இடத்தில் செருகினேன், காலி. கரண்ட் ஒயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்கின் மேல் காதை வைத்தேன். சின்ன முனகல் கூட இல்லை. சரி, கழற்றுவோம் என்று திருப்புளியை எடுத்தேன்.

நாலு திருகில் மூன்றுதான் இருந்தன. அந்த மூன்றும் நீளம் பொருந்தாமல், கோணலாக முடுக்கப்பட்டிருந்தன. ஒயருக்கு எண் போடுகிற பிள்ளை இப்படி முடுக்கியிருக்காது. டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் அதே உருண்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'இது செத்துப்போச்சு. தூக்கிப் போடாதீங்க.'

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அந்த அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல மெல்லத் தலையசைத்தார்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லி, டிஸ்கோடு சமையலறைக்குப் போனேன். கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. அந்தப் பட்டியல் பக்கம் அப்படியே இருந்தது, இரண்டு கேபிளும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அக்கா பேசினார். மாற்றி வைத்தது அவர்தான். கணவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் திறந்து, நல்ல டிஸ்கை எடுத்துவிட்டு, மகளின் டிராயரில் கிடந்த செத்த டிஸ்கை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். அப்பாவும் பெண்ணும் செய்வதை எத்தனை நாள் பார்த்திருக்கிறார், திறக்கவா தெரியாது. அலமாரி மேலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கிக் காட்டினார். உள்ளே, சுத்தியலால் நசுக்கிய ஓடு. அதன் நடுவில் பளபளவென்று கண்ணாடித் தூள். அந்தச் சின்ன டிஸ்குகளில் சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடிதான். உடைந்தால் உடைந்ததுதான்.

ஏன் செய்தார் என்பதையும் சொன்னார். கடைசிப் பதிவு ஒன்று இருந்தது. அன்று காலையில் பெண்ணுக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு மாத்திரையைக் கொடுத்து, சாயந்திரத்துக்குள் விட்டுவிடும் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். கணவர் இரண்டு நாள் தூரத்தில் லாரியில். நாலு மணிக்கு அவள் எழுந்து வந்து மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, ஒண்ணும் நடக்கல, ரொம்பக் கொதிக்குது, அம்மா எப்ப வருவாங்கன்னு தெரியல. அவ்வளவுதான் அந்தப் பதிவு. ஏழரைக்கு அம்மா வந்தபோது அவளுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

கணவர் தினமும் என்ன கேட்டாலும் கடைசியில் அதைப் போட்டுத்தான் முடிப்பாராம்.

"எட்டு மாசமா தினமும் என் பொண்ணு என்னைக் கேக்கறா, தம்பி. நான் எங்க போய் பதில் சொல்றது?"

சுத்தியலின் மூன்றாவது அடியிலேயே நெஞ்சு வெடித்துவிட்டதாம் அக்காவுக்கு. தரையில் உட்கார்ந்து தூளையெல்லாம் வெறுங்கையால் பொறுக்கியிருக்கிறார். உள்ளங்கையை விரித்தார். நிறைய சின்னச் சின்னக் கீறல், ஒன்றிரண்டு ஆழமாக இருந்தன. இதைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது அக்கா என்றேன். அப்படியானால் தானாகக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடச் சொன்னார். தான்தான் உடைத்தது என்று தெரிந்தால் கணவர் தாங்க மாட்டார் என்றார்.

எனக்கென்ன, தொழிலில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டுக் குழாயை மூடினேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

உள்ளறையிலிருந்து ஒரு மூச்சு கேட்டது.

ஸ்பீக்கர் வழியாக வரும் மூச்சு. வறண்டு, வேகமாக, வாயால் விடும் மூச்சு. கணவருடையது இல்லை. அக்கா முன்னால் போனார், டப்பா கையிலேயே இருந்தது. நான் பின்னால் போனேன்.

திரையில் அதே பட்டியல் பக்கம்தான். காலியாக இருந்த வரியில் மட்டும் இப்போது ஏதோ எழுதியிருந்தது. கிட்டே போய்ப் படித்தேன். டிஸ்க் ஒன்று. அளவு, பூஜ்யம்.

கேபிள்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. செத்த டிஸ்க் என் கையில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் திரையில் இருக்கும்போது எந்தக் கம்ப்யூட்டராலும் குரல் எழுப்ப முடியாது. பீப் என்று ஒரு சத்தம் போடும், அதற்கு மேல் அதற்கு வழியே கிடையாது. பதினெட்டு வருஷத்தில் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்ட சில விஷயங்களில் அது ஒன்று.

"அம்மா."

கணவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நான் எதையும் தொடலை என்று முணுமுணுத்தார்.

"அம்மா, கையில கண்ணாடி குத்திடுச்சா?"

"இது நான் கேட்டதே இல்லையே," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். அந்த அக்கா மட்டும், பிள்ளை பக்கத்து அறையிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"இல்லடி கண்ணு."

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அது காத்திருந்தது. பதிவு செய்த எதுவும் அப்படிக் காத்திருக்காது.

"பொய் சொல்லாத. காட்டு."

அக்கா திரைக்கு எதிரே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். ஸ்பீக்கருக்குள் நாற்காலி ஒன்று முன்னால் இழுபடும் சத்தம், யாரோ குனிந்து பார்ப்பது போல.

"இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டியே, அம்மா."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரி மறைந்தது. பட்டியல் பழையபடி காலியானது. சுவரில் மணி நாலு.

லாரிக்காரர் என் கையில் இருந்த டிஸ்கைப் பார்த்தார். மனைவியின் கையில் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து டப்பாவை வாங்கி, மூடியைச் சரியாக மூடிக் கட்டிலின் மேல் வைத்தார்.

"உனக்கு எப்படியிருக்கும்னு ஒரு நாள் கூட நான் யோசிக்கல," என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முதல் மாடிப் படியில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்த அக்காவே போன் செய்தார். அந்த வரி மறுபடி தெரிய மாட்டேன் என்கிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார். தெரிவதற்கு அதில் எதுவுமே இல்லை அக்கா என்று எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மாடிப்படியிலேயே கணவர் காத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். அவள் வேலையை விட்டுவிட்டாள், காலையிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

அறைக்குள் போனதும் பழக்க தோஷத்தில் முதலில் பிளக்கைத்தான் பார்த்தேன். சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்திருந்தது. பெட்டியின் பக்கவாட்டு மூடி திறந்திருந்தது. டிஸ்க் வைக்கும் தகரச் சட்டம் காலி. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, அந்தச் சட்டத்தின் நடுவில் தொட்டுப் பாருங்கள் என்றார்.

முதலில் மற்ற பாகங்களைத் தொட்டேன். எல்லாம் ஜில்லென்று இருந்தன. பிறகு காலியான அந்த இடத்துக்குள் விரலை நீட்டினேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

உள்ளங்கையளவு இடம். அதில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாதது கொதித்தது.

அக்கா புறங்கையை உள்ளே வைத்துப் பார்த்தார். நெற்றியில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி.

"இன்னும் குறையல தம்பி," என்றார்.

அவர் காலடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. ஈரத்துணியை எடுத்து, மடித்து, அந்த இடத்துக்குள் பதமாக வைத்தார். கம்ப்யூட்டருக்குள் தண்ணீரைக் கண்டால் நான் பாய்ந்து தடுக்கிறவன். அன்று தடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியின் ஓரம் வெளுத்தது, சுருங்கியது, முழுதாகக் காய்ந்துபோனது.

அக்கா அதை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து, அடுத்த துணியைப் பிழிந்து கொடுத்தேன்.