கைச்சூடு காணாது

“யன்னலடியில வைச்சா வெளிறாமல் என்ன செய்யும்?”

“வெளிறினதைக் கேக்கேல்லை. இந்தக் கறுப்புப் பொட்டு எப்பிடி வந்தது எண்டு கேக்கிறன்.”

கிருஷாந்த் பிள்ளையின் ஸ்கேன் படத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தான். முகம், முதுகெலும்பு எல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிட்ட தாளின் மூலையில் கடுகளவு பொட்டு.

“இதில மை இல்லை, துஷ்யா. எங்கட கடை பில் மாதிரித்தான். தாளில பூசின மருந்து சூடு பட்டாக் கறுக்கும், வெளிச்சத்தில கிடந்தா அழியும். ஏதோ சுட்டிருக்கு.”

“என்ர கைச்சூடோ?”

“கைச்சூடு காணாது, இன்னும் கூடின சூடு வேணும். கொதிக்கிற கேத்திலைக் கிட்ட வைச்சிருப்பீர்.”

அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். எதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஆறாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போன பிள்ளையை, ஆஸ்பத்திரிப் படிவத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டு எரிக்கக் கொடுத்ததற்கும் இருந்தது. ‘இஞ்ச இப்பிடித்தானாம்.’ பச்சைப்பிள்ளையை மண்ணில்தான் வைப்பார்கள், நெருப்பில் வைக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா? அவள் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மிச்சம் இந்தத் தாள் மட்டும்தான். அதிலும் முகம் போய்விட்டது.

படத்தை அலுமாரியில், குளிர்ந்த துணிகளுக்கிடையில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் ஐந்து பொட்டுகள். அதற்கு மறுநாள் அவற்றின் கீழே ஓர் உள்ளங்கை, அவளுடைய பெருவிரல் நகமளவே.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே லண்டனின் குட்மேய்ஸ் இருண்டுவிட்டது. ஹீட்டர் போடாத வீட்டில், ஈரக் கோட்டும் பழைய கம்பளமும் மணக்கும் படுக்கையறை வாசலில் அவள் நின்றாள். தெருவில் பஸ் ஒன்று பெருமூச்சு விட்டு நகர்ந்து அதன் இரைச்சல் தேய்ந்து மறைந்த பின்னும், அலுமாரிக்குள் ஏதோ காய்ந்து சுருள்வது போன்ற சரசரப்பு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அலுமாரியின் கைப்பிடி சுட்டது.

திறந்தாள். துணிகள் கருகவில்லை. தாளில் மட்டும் இப்போது இரண்டு கைகள். மேலே நீட்டியபடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே விரல்கள் நீண்டன. கறுத்தன.

மயிர் பொசுங்கும் மணம்.

பின்னால், பிள்ளைக்கென்று வாங்கி, இன்னும் கழற்றாமல் விட்டிருந்த தொட்டில் கிரீச்சிட்டது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

கழுத்தில் ஒரு சூடு. கைச்சூடு அல்ல.

“அம்மா, சுடுது. தூக்குங்கோவன்.”