வெர்னாவின் மைக்

ஆரின் ஹாஸ்கெட் வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை காலையில். வாசலில் பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது. செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனை என்றால் எங்கள் ஊர் மான்ஸ்ஃபீல்டில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. முன்பின் தெரியாதவர்கள் அடுப்படிக்குள் புகுந்து கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள், படுக்கையறைப் போர்வையை உதறிப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரு விலைச்சீட்டு தொங்கும். நான் வந்தது கரண்டிக்காக அல்ல, காதுக்காக.

என் இடது காதுக்குப் பின்னால், மண்டை எலும்பில், ஒரு கருவி பதித்திருக்கிறது. அதன்மேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வெளிக்கருவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கேட்கும். வெளிக்கருவியைக் கழற்றிவிட்டால், கதவை உடைத்துக்கொண்டு லாரி வந்தாலும் எனக்குத் தெரியாது. இதைச் செய்த கம்பெனி போன வருடம் இழுத்து மூடிவிட்டது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. விற்கும்போது வாழ்நாள் துணை என்று பளபளக்கும் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். யாருடைய வாழ்நாள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

என் வெளிக்கருவி விட்டுவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது. என் மகள் ஜூனிக்கு ஐந்து வயது, தூக்கத்தில் வலிப்பு வரும். வருவதற்கு முன் நாக்கால் மேலண்ணத்தை டக் டக்கென்று தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூக்கில் மருந்தை அடித்துவிடலாம். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை நான் சொல்லவிடவில்லை.

வலிப்பைக் கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். அவள் பல் தேய்த்தால் அலறும், களிமண் பிசைந்தால் அலறும். உண்மையிலேயே வலிப்பு வந்த அன்று புது மென்பொருளை இறக்கிக்கொண்டிருக்கிறேன், பொறுத்திருக்கவும் என்றது. என் கணவர் கர்ட் அதைச் சுவரில் அடித்து உடைத்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் இருக்கும் காது என்னுடையது ஒன்றுதான்.

என்னைக் கூட்டிப்போனவர் லாயிட். அவர் தலையிலும் இதே கருவி, செத்துப்போன ஆரின் தலையிலும் இதேதான். கம்பெனி மூடியபின் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நூலகத்தில் கூடி, கைவசம் உள்ள பழைய பாகங்களை மாற்றிக்கொள்வோம். எங்களில் யாராவது இறந்தால் முதலில் அழுவோம். அப்புறம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவருடைய வெளிக்கருவி யாருக்கு என்று யோசிப்போம்.

வீட்டுக்குள் ஈரச் சாக்கு வாடை அடித்தது. ஆரினின் மகள் கெயில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். என் கருவி அந்த நேரம் ஊமையாகிவிட்டது, அவள் உதட்டைப் படித்தேன். உதடு படிப்பதில் நான் தப்புச் செய்வதில்லை.

"காதுல மாட்டுறதா? அதை நிலவறையில ஐஸ் பெட்டிக்குள்ளேர்ந்து எடுத்தேங்க. பிஸ்கெட் டப்பாவுக்குள்ள, துண்டுல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தாரு."

"ஐஸ் பெட்டியிலயா? ஏன்?"

"தெரியல. அம்மா அந்த நிலவறைப் படியில விழுந்துதான் போனாங்க. கீழே கிடந்து ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்காங்க. அப்பா இதைக் கழட்டி வச்சுட்டு டிவியில ஆட்டம் பாத்துட்டிருந்தாரு. அதுக்கப்புறம் தூங்கும்போதுகூட இதைக் கழட்ட மாட்டேன்னுட்டாரு. கடைசியில என்ன தோணுச்சோ." அவள் டப்பாவை என் கையில் வைத்தாள். "அவரும் அதே படியிலதாங்க கிடந்தாரு. காசெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

டப்பா இன்னும் சில்லென்றிருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டேன். ஆரின் தலைக்கு அளவெடுத்த சத்தம் அது, என் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. குழாய்த் தண்ணீர் தகரத்தில் விழுவதுபோல் கேட்டது. ஆனாலும் கேட்டது. ஜூனி பக்கத்து அறையில் பொம்மையைத் திட்டுவதைக் கேட்டு உட்கார்ந்து அழுதேன்.

கைபேசியில் அந்தக் கருவிக்கான செயலியைத் திறந்தால், ஆரினின் இடது காது என்று பெயர் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி: வெர்னாவின் மைக், இணைப்பில் இல்லை. சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கிளிப் மைக் அது, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். காது கேட்காதவரின் மனைவியோ கணவனோ மாட்டிக்கொண்டால், அவர்கள் வீட்டுக்குள் எங்கே பேசினாலும் நேரே காதுக்குள் வரும். அதில் பேசும்போது அறையின் மற்ற சத்தங்களைக் கருவி அடக்கிவிடும். அடுத்தவர் மனைவியின் மைக் எனக்கெதற்கு? நீக்கு என்று அழுத்தினேன். சர்வரை அடைய முடியவில்லை, எங்கள் வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொள்ளவும் என்றது.

லாயிட் சிரித்தார். "எந்தச் சேவையைம்மா? அந்தக் கட்டடத்துல இப்ப மெத்தை விக்கிறான். ஒரு மைக்கைக் கழட்டிவிடக்கூட அவன்கிட்டதான் அனுமதி கேக்கணும். நம்ம தலை, அவன் சாவி!"

"மொத்தமா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா?"

"ஐயோ, கை வச்சுடாத ரோண்டா. அழிச்சா திரும்ப ஏத்த ஆளில்ல. நம்ம டாரிஸ் அப்படித்தான் பண்ணுனா. இப்ப கையில கல்லு மாதிரி ஒண்ணு வச்சிருக்கா. அது இருந்துட்டுப் போகட்டும், உன்னை என்ன கடிக்கவா போகுது?"

விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். ஜூனிக்கு ரொட்டியில் சீஸ் வைத்து வாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெண்ணெய் பொரியும் சத்தம் நின்றது. குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. ஜூனியின் வாய் அசைந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் இல்லை.

அந்த அமைதிக்குள் துணி உரசும் சத்தம் கேட்டது.

மைக்கின்மேல் சட்டைக் காலர் உரசினால் வருமே, அது.

பிறகு யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக, என் காதுக்குள்ளேயே. அப்புறம் ஒரு கிழவியின் குரல். அதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"மறுபடியும் கழட்டி வச்சுட்டியா, ஆரின்?"

கருவியைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. கைபேசியைப் பார்த்தேன். வெர்னாவின் மைக், இணைந்துள்ளது. மின்கலம் முழுதாக.

பக்கத்து வீட்டில் யாரோ இதே மைக்கை வாங்கி மாட்டியிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கெயிலுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவின் கிளிப் மைக்கை விற்பனையில் யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"அதை விக்கலையே. அம்மா சட்டையிலயே குத்திப் புதைச்சோம். அப்பாதான் அப்படிச் சொன்னாரு. ஏன் கேக்குறீங்க?"

புதைத்த இடம் ஊருக்கு வெளியே, மலைச் சரிவில் இருக்கிறது. அந்த மைக் எங்கள் வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு எட்டினாலே பெரிய விஷயம்.

ஏன் ஐஸ் பெட்டி என்று அப்போது புரிந்தது. கயிறு எதற்கென்றும் புரிந்தது. ஆரின் அந்தக் குரலை உள்ளே போட்டு அடைத்திருக்கிறார்.

கழற்றி எறிந்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். என் பழைய கருவி அந்த வாரமே முழுதாகச் செத்துப்போனது. வேறு கம்பெனியின் கருவி வேண்டுமென்றால் மண்டையைத் திறக்க வேண்டும், அதற்கு எத்தனையோ மாதம் காத்திருக்க வேண்டும். ஜூனியின் வலிப்பு காத்திருக்காது. பயந்துகொண்டே மாட்டிக்கொண்டேன். எங்கிருந்தோ கர்ட் போனில் பேசியபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"தூக்கம் கெட்டுப் போச்சு உனக்கு. ஏதாவது வானொலி அலையா இருக்கும்டி."

"வானொலியில எவனாவது ஆரின்னு கூப்பிடுவானா?"

சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றார். எப்போதும் சொல்வதுதான்.

வெர்னா அடிக்கடி வர ஆரம்பித்தாள். மரப்படியில் எதையோ இழுக்கும் சத்தம் வரும். நகத்தால் பலகையைச் சுரண்டும் சத்தம் வரும். "ஆரின், கால் மடங்கிக் கிடக்குது. ஆரின், விளக்கைப் போடு." அவள் பேசும்போதெல்லாம் என் வீடு ஊமையாகிவிடும். எனக்கு அவளைவிட அந்த ஊமைதான் பயம். ஜூனி படுத்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சமைக்கவில்லை, குளிக்கவில்லை. கண் எரியும். எவ்வளவு நாள் ஒருத்தி இமைக்காமல் இருக்க முடியும்?

அன்று ஜூனிக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. மத்தியானம் சோபாவில் தூங்கிப்போனாள். காய்ச்சல் மருந்தை எடுக்க மாடிக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்தேன், கதவு கிறீச்சிட்டது.

பாதிக் கிறீச்சில் சத்தம் அறுந்தது.

"ஆரின்."

இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று படியிறங்கத் திரும்பினேன். மாடிப்படிக் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. பனி ஈரத்தில் எங்கள் வீட்டுக் கதவுகள் உப்பிக்கொள்ளும், தோளால் இடித்தாலும் அசையவில்லை. கீழே என் பிள்ளை என்ன ஆனாள் என்று தெரியவில்லை. என் காதில் ஒரு பிணத்தின் மூச்சுதான் இருந்தது.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஆரின். ஏன் வர மாட்டேங்கிற?"

இறந்தவர்களிடம் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். வேறு யார் இருந்தார்கள் என்னிடம்? கதவில் தலையை முட்டிக்கொண்டு கதறினேன்.

"நான் ஆரின் இல்லம்மா! ஆரின் செத்துட்டாரு! உங்க குரலால என் புள்ளை சத்தம் எனக்குக் கேக்கல. கீழே தனியாக் கிடக்குறா. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்காளே. என் புள்ளையைக் கொஞ்சம் பாருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், அவளைப் பாத்துக்குங்க!"

மூச்சு நின்றது.

"குழந்தையா?" என்றாள் வெர்னா.

துணி உரசியது. ஏதோ நகர்ந்தது, படியில் அல்ல, தரையில். எங்கள் மரத்தரைச் சத்தம் எனக்குத் தெரியும், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துப் பலகை முனகும். அது முனகியது. பிறகு சோபாவின் வில் அமுங்கியது. பிறகு, ஜூனியின் தொண்டையிலேயே மைக்கை வைத்ததுபோல் அத்தனை நெருக்கத்தில் கேட்டது.

டக். டக். டக்.

கதவு தானாகத் திறந்துகொண்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஜூனியின் கண் செருகியிருந்தது, உதடு நீலம். ஆனால் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மல்லாக்கத் தூங்கியவளை யாரோ திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூக்கில் மருந்தை அடித்தேன். மெல்ல மெல்ல அவள் முகத்தில் நிறம் வந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு, வெற்று அறையைப் பார்த்து நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வெர்னா ஆரினைக் கூப்பிடவில்லை. ஜூனியின் மூச்சை மட்டும் எனக்குக் கேட்கவைத்தாள். நான் துணி துவைத்தாலும் கேட்டது, கடைக்குப் போனாலும் கேட்டது, அவள் பள்ளியில் இருந்தாலும் கேட்டது. லாயிட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேறிட்டியேம்மா!" என்றார். ஆமாம் என்றேன். ஜூனியின் சட்டைகளின் கழுத்தில் மட்டும் புதிதாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், கிளிப்பின் பல் கடித்த மாதிரி. அவற்றைத் தைத்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிறு கர்ட் வீட்டில் இருந்தார். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் நிம்மதியாகக் குளி என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு கருவியைக் கழற்றித் துண்டின்மேல் வைத்தேன். உலகம் அணைந்தது. வெந்நீர் தோளில் விழுவது மட்டும்தான் தெரிந்தது. அந்த அமைதி இனிமையாகக்கூட இருந்தது.

திரையை விலக்கினால் ஜூனி குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, துண்டின்மேல் இருந்த கருவியைப் பார்த்தாள். அவள் சட்டைக் கழுத்தில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆனால் துணி அந்த ஓரிடத்தில் மட்டும், எதுவோ கவ்வியிருப்பதுபோல் கூம்பி நின்றது. ஈர மண் வாடை வந்தது.

அவள் உதடு மெல்ல அசைந்தது. ஒரு கிழவியின் அலுப்பு அந்தச் சின்ன வாயில்.

"மறுபடியும் கழட்டி வச்சுட்டியா, ஆரின்?"

ஈரக் கையோடு கருவியை எடுத்து மாட்டிக்கொண்டேன். "இல்ல வெர்னா," என்றேன். "இனிமே கழட்ட மாட்டேன்."

ஜூனி சிரித்துவிட்டுக் கீழே ஓடினாள். அவள் மூச்சு என் காதில் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டது, கொஞ்சம் கனமாக, அவளோடு சேர்ந்து படியிறங்கிப் போவது.