ஓரத்தில் ஒரு விரல்

ஜெலுத்தோங்கில் இருந்த அந்த மார்பக எக்ஸ்ரே நிலையத்துக்குத் தயாளன் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. மனைவி ஷர்மினி இறந்தபின் அவன் அங்கே வருவது முதல் முறை. படம் பார்க்கும் அறையில் பகலிலும் விளக்கை அணைத்தே வைப்பார்கள். டெட்டால் வாசனை. குளிர்.

படமெடுக்கும் ரொஸ்னா அக்கா கதவருகே நின்றாள்.

"தம்பி, உங்க மெஷினுக்குக் கண்ணு கெட்டுப்போச்சு லா. வந்து பாருங்க."

அவன் மெஷின் என்பது படங்களில் புற்றுநோயைத் தேட அவன் பழக்கிய மென்பொருள். பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அக்குளில் பவுடர் பூசி வரும் பெண்களின் படங்களிலும் அதே மாதிரி புள்ளிகள் விழும். வீண் எச்சரிக்கைகள் பெருகியதால், அக்குள் பக்கத்துப் புள்ளிகளைப் பவுடர் என்று தள்ளிவிட அதற்குக் கற்றுக்கொடுத்தான்.

ஷர்மினியின் படத்தையும் அது தள்ளியது.

"நான் அன்னைக்குப் பவுடரே போடலையே," என்றாள் அவள், முடிவு வந்த இரவு வீட்டில்.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் லா." சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

இப்போது திரையில் நூர்ஜான் என்ற பெண்ணின் படம். புள்ளிகள். கீழே, பவுடர் என்ற முடிவு.

ஓரத்தில் ஒரு விரலின் எலும்பு. புள்ளிகளைச் சுட்டியபடி.

"உங்க விரலா, அக்கா?"

"நான் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவங்க கை, பிடிச்சுக்கிற கம்பியில இருந்துச்சு." ரொஸ்னாவின் குரல் தாழ்ந்தது. "வெளிய காத்திருக்காங்க. ஒன்னுமில்லன்னு அனுப்பிடவா?"

அவன் தலையசைத்து மறுத்தான்.

"அக்குளை நல்லாத் துடைச்சிட்டு இன்னொன்னு எடுங்க."

ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். புள்ளிகள் போகவில்லை. மெஷின் மறுபடியும் பவுடர் என்றது.

விரல் இப்போது புள்ளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

ரொஸ்னா போனதும், பவுடர் என்று தள்ளப்பட்ட பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். பலவற்றில் வெறும் பவுடர்தான்.

சிலவற்றில் அந்த விரல்.

கடைசியாக ஷர்மினியின் படம்.

அதில் விரல் புள்ளிகளைக் காட்டவில்லை. திரையின் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவன் உட்கார்ந்திருந்த பக்கம்.

நாற்காலியை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான்.

விரலும் திரும்பியது.